தேவராஜன் அடித்த மருந்து

பூச்சிமருந்து கேனை டாக்டரின் மேசைமேல் ‘டங்’கென்று வைத்தார் தேவராஜன். நர்ஸ் கீதா பதறிப்போய்ச் சுவரோரம் ஒதுங்கினாள்.

“இத்த அடிச்சித்தான் என் கிட்னி கெட்டுப்போச்சின்னு சொன்னீங்களே டாக்டரம்மா! இப்ப ரிப்போர்ட்டப் பாத்துச் சொல்லுங்க.”

டாக்டர் சுபாஷ்ரீ ரத்தப் பரிசோதனை முடிவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிட்னிப் பழுதைக் காட்டும் கிரியாட்டினின் அளவு இதுவரை ஏறிக்கொண்டே போனது, இந்த முறை இறங்கியிருந்தது.

நடவுக்கு முன்னால் தேவராஜன் வந்தபோது டாக்டர் கண்டிப்பாகத்தான் சொல்லி அனுப்பினார். “இத்தன வருஷமா மேல் சட்டைகூட இல்லாம மருந்து அடிச்சிருக்கீங்க. இனிமேலும் அடிச்சா டயாலிசிஸ்லதான் போய் நிக்கும்.” அன்று முறைத்துக்கொண்டே எழுந்து போன மனிதர்தான் இன்று மார்பை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

“முழுசா சரியாகல. ஆனா நல்லா இறங்கியிருக்கு. அடிக்கிறத நிறுத்திட்டீங்க, அப்படித்தானே?”

“இன்னாத்துக்கு நிறுத்தணும்? நட்டதிலேர்ந்து ஒரு தபாகூட வுடாம அடிச்சிக்கினுதான் கீறேன்!”

டாக்டரின் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. “மூஞ்சில துணியாவது கட்டுனீங்களா?”

“துணியா? அதெல்லாம் யாரு கட்டுவாங்க? இவ கலக்கி டேங்குல ஊத்தி முதுவுல ஏத்தி வுடுவா. நான் பாட்டுக்கு அடிச்சிக்கினு போவேன்.” பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி சிட்டம்மாளைக் கட்டைவிரலால் காட்டினார்.

“பயிர் எப்படி இருக்கு?”

“தளதளன்னு கீது. தவளை இன்னா, கொக்கு இன்னா, வயலே சந்தைக்கட மாரி கீது. நல்ல மருந்துன்னா அப்படித்தான். கெட்ட பூச்சிய மட்டும் பாத்துக் கொல்லும். உத்திரமேரூரு பூரா நான்தான் சொல்லிக்கினு கீறேன், இதால ஒடம்புக்கு ஒண்ணும் ஆவாதுன்னு.”

“ஐயா, அப்படியெல்லாம் ஊருக்குள்ள சொல்லாதீங்க. இது விஷம்!”

“விஷமா? கையில ஊத்தி நக்கிக் காட்டட்டா?”

சொன்ன வேகத்தில் மூடியைத் திருக ஆரம்பித்துவிட்டார். கீதா “ஐயோ” என்று அலறினாள். டாக்டர் மேசைமேல் பாதி படுத்தபடி பாய்ந்து, இரண்டு கைகளாலும் கேனைப் பிடுங்கித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

சிட்டம்மாள் மட்டும் அசையவில்லை. “அவுரு அப்படித்தான். நீங்க உக்காருங்க டாக்டரம்மா” என்று கொட்டாவி விட்டாள்.

தேவராஜனை ரத்த அழுத்தம் பார்க்கப் பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள் கீதா. “படிச்சவங்களுக்கு இன்னா தெரியும்” என்று அங்கேயும் அவர் முழங்குவது கேட்டது.

டாக்டர் கேனை மேசைக்கடியில் தள்ளிவிட்டுச் சிட்டம்மாள் பக்கம் திரும்பினார். “ஏம்மா, வீட்டுக்காரர் விஷத்த நக்கப் போறாரு, கொட்டாவி விடுறீங்களே! எனக்கு ஒண்ணுமே புரியல. மருந்தும் அடிக்கிறாரு, கிரியாட்டினினும் இறங்குது. எப்படி?”

சிட்டம்மாள் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். நாற்காலியை மேசையோரம் இழுத்துப் போட்டாள்.

“அழுது பாத்தேன். சோறு போடாம பாத்தேன். மருந்து அடிக்கிறத வுடவே மாட்டேன்னுட்டாரு. எனக்கு இருக்கிறது ஒரு புருசன், நான் இன்னா பண்ணுவேன்?”

“என்ன பண்ணீங்க?”

“கேன் மட்டுந்தான் டாக்டரம்மா கம்பெனிது. உள்ள கீறது எங்க எருமை மோரு.”