சமாதான ராட்டினத்துக்குக் கண்ணீர் அஞ்சலி

"சமாதான ராட்டினம் நிரந்தரமாக மூடப்பட்டது" என்ற அறிவிப்பைப் பார்த்ததும், ரசிகர்கள் பூங்கா வாசலில் கண்ணீர் அஞ்சலி பேனரே கட்டிவிட்டார்கள். ஒருவர் அதற்குப் பாலும் ஊற்றினார். சண்டை போட்ட தம்பதிகள் அந்த ராட்டினத்தில் ஒரு சுற்று போனால் போதும், கோபமெல்லாம் கரைந்துவிடும்.

"பெத்தவங்க போனப்பகூட இவ்வளவு அழுதிருக்க மாட்டாங்க" என்று வாசல் கூட்டத்தைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள், ராட்டினம் ஏற வந்திருந்த இதழினி.

நேற்று விருந்துக்கு வந்த அவள் தம்பியை, "ஓசிச் சோறு" என்று ஏசியிருந்தான் கணவன் ஆதவன். ஆறு வருடத்தில் அவன் ஒருமுறைகூட மன்னிப்புக் கேட்டதில்லை. எல்லாவற்றையும் ராட்டினமே பார்த்துக்கொண்டது.

"ராட்டினம் இல்லாட்டி என்னங்க? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு அது போதும்."

ஆதவன் வாயைத் திறந்தான், மூடினான். பிறகு கூட்டத்துக்குள் பாய்ந்து, எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினான்: "திற! திற! ராட்டினத்தைத் திற!"