சனிக்கிழமை பேட்ச்

"இந்தச் சமரசர் பயிற்சியில எதுக்காகச் சேர்றீங்க?" என்று பயிற்சியாளர் மதிவதனி கேட்டபோது, தம்பிதுரை வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னார்.

"நாலு சண்டையத் தீர்த்து வெச்சாப் புண்ணியமுங்க, அம்மணி."

உண்மைக் காரணம் வேறு. அவர் மேல் சொந்த மச்சினன் ராக்கியண்ணனே வழக்குப் போட்டிருந்தான். கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் இருவருக்கும் அடுத்தடுத்த தென்னந்தோப்பு. ராக்கியண்ணன் தோப்புக்குப் போகும் வண்டித்தடம் தம்பிதுரை தோப்பு வழியாகத்தான் போகிறது. அந்தத் தடத்தில் இவர் ஒரு கேட்டைப் போட்டுப் பூட்டிவிட்டார். நீதிமன்றமோ, முதலில் ஒரு சமரசர் முன்னால் உட்கார்ந்து பேசிப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டது.

"அந்தச் சமரசருங்க தேனாட்டம் பேசியே கையெழுத்து வாங்கிப்போடுவாங்களாமா. நீங்க எளகிப்போடுவீங்க" என்று எச்சரித்தது மனைவி நஞ்சம்மாள்தான். "சரவணம்பட்டியில அந்த வித்தையச் சொல்லித் தர்றாங்களாமா. கத்துக்கிட்டா எதுக்கும் மசிய மாட்டீங்க. நான் உங்க பக்கமுங்க."

கூடப் பிறந்த தம்பியையே விட்டுவிட்டுப் புருஷன் பக்கம் நிற்கும் மனைவி யாருக்கு வாய்ப்பாள்! தம்பி மகள் யுவஸ்ரீக்குத் தை மாதம் கல்யாணம். இந்த வழக்கு முடியாவிட்டால் அத்தைக்காரி மண்டபத்து வாசலைக்கூட மிதிக்க முடியாது. அதற்காக அவள் ஒருநாள்கூட மூக்கைச் சிந்தியதில்லை. தம்பிதுரைக்குப் பெருமை தாங்கவில்லை.

சனிக்கிழமைதோறும் சரவணம்பட்டி வகுப்புக்குச் சத்தி ரோட்டு பஸ் ஏறினார்.

"எதிராளி பேசும்போது குறுக்க பேசாதீங்க" என்றாள் மதிவதனி. "அப்புறம் அவர் குறையை உங்க வாயால திருப்பிச் சொல்லி, 'சரிங்களா?'ன்னு கேளுங்க. பாதிக் கோவம் எறங்கிரும்."

'ஓஹோ, இப்படித்தான் கவுக்கறாங்களா!' என்று தம்பிதுரை மனசுக்குள் குறித்துக்கொண்டார்.

ஒத்திகையில் அவரைச் சண்டைக்காரராக உட்கார வைத்தார்கள். எதிரே சமரசராக உட்கார்ந்த, கூடப் படிக்கும் வக்கீல் மெர்சி, தண்ணீர் குடித்துக் குடித்தே ஓய்ந்துபோனாள்.

"இவரை மசிய வெக்க ஆளே இல்லீங்க மேடம்!"

மதிவதனி பெருமூச்சு விட்டாள். "நல்ல சமரசர்னா ரெண்டு பக்கமும் 'இவுங்க நம்ம ஆளு'ன்னு நம்பணும். உங்களைப் பார்த்தா ஒரு பக்கமும் நம்பாதுங்களே."

வகுப்பே சிரித்தது. தம்பிதுரையும் சிரித்தார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டதே!

சமரச நாள் வந்தது. நஞ்சம்மாளும் கூடவே கிளம்பினாள், கையில் கனத்த தூக்குப்போசியோடு.

"இத்தனை சோறு எதுக்கு அம்மணி?"

"பேசிப் பேசிப் பசிக்குமுங்க."

அவளை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனார். சமரசர் மதன்குமார் தொண்டையைச் செருமுவதற்குள் ராக்கியண்ணன் முந்திக்கொண்டான்.

"மச்சானே மொதல்ல பேசட்டுமுங்க. நான் குறுக்க பேச மாட்டேன்."

தம்பிதுரை உஷாரானார். "வேண்டாமுங்க, அவரே பேசட்டும். நான் கேட்டுக்கறேன்."

இரண்டு பேரும் வாயை இறுக மூடிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருந்தார்கள். மதன்குமார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

கடைசியில் ராக்கியண்ணனுக்குத்தான் பொறுக்கவில்லை. "மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களைத் தோப்பு பாக்கக் கூட்டிட்டுப் போனேனுங்க. கேட்டு பூட்டிக் கெடந்துச்சு. காரை அப்படியே திருப்பிட்டு வந்தோம்."

இதுதான் சமயம் என்று தம்பிதுரை வித்தையை இறக்கினார். "அதாவது, சம்பந்தி ஊட்டுக்காரங்க முன்னால என்னால உங்களுக்குத் தலைகுனிவாப் போச்சு. சரிங்களா?"

வித்தைக்காகத்தான் சொன்னார். ஆனால் அதைத் தன் வாயால் சொல்லித் தன் காதால் கேட்டபோது நெஞ்சில் சுருக்கென்றது. யுவஸ்ரீ அவர் தோளில் தூங்கி வளர்ந்த குழந்தை.

ராக்கியண்ணன் மூக்கை உறிஞ்சினான். "மச்சானுக்கு என்ன கொறைன்னா, என்ற டிராக்டரு அவரோட சொட்டுநீர்க் குழாயை ஒடச்சுப்போட்டுது. நான் வந்து ஒரு வார்த்தைகூடச் சொல்லலை. சரிங்களா மச்சான்?"

அதே ராகம். அதே 'சரிங்களா'. தம்பிதுரை நிமிர்ந்தார்.

"மாப்ளே, இந்தப் பேச்சை நீ எங்க கத்துக்கிட்டே?"

"சரவணம்பட்டியிலதானுங்க. ஞாயித்துக்கெழம பேட்ச்சு."

"அடப்பாவி! நான் சனிக்கெழம பேட்ச்சுடா!"

சிரித்துச் சிரித்து இருவருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தத் தண்ணீரில் எது சிரிப்பு, எது அழுகை என்று அவர்களுக்கே தெரியவில்லை. தம்பிதுரை இடுப்பிலிருந்த கேட்டுச் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"நான் இன்னும் வணக்கமே சொல்லலீங்களே" என்றார் மதன்குமார் பரிதாபமாக.

"அது கெடக்குதுங்க. ஏன் மாப்ளே, உன்னைய ஆரு அங்க சேரச் சொன்னது?"

"அக்காதானுங்க. 'உன்ற மச்சான் பேச்சுல மசிஞ்சிராதே, போய்க் கத்துக்கோ. நான் உன்ற பக்கம்டா கண்ணு'ன்னு சொன்னாங்க."

தம்பிதுரை எழுந்து வராந்தாவுக்கு வந்தார். பின்னாலேயே ராக்கியண்ணனும் வந்தான். பெஞ்சில் இரண்டு வாழையிலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, நஞ்சம்மாள் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மணி, நெசமாச் சொல்லு. நீ யாரு பக்கம்?"

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நானுங்களா? கல்யாணத்துப் பக்கமுங்க. ரெண்டு பேரும் கையைக் கழுவிட்டு வாங்க."