ஜீப்பிலிருந்து இறங்காதவர்

இதில் ஒரு சொல் கூட இட்டுக்கட்டியது இல்லை. கற்பூரம் ஏற்றுங்கள், உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்கிறேன்.

ஜீப் வந்து நின்றது.

கதவு திறந்தது.

யாரும் இறங்கவில்லை.

அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

திண்டுக்கல்லில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் பேர் பதிகிற வேலை அவளுக்கு. மீதி நேரத்தில் கதை எழுதுவாள். டிவியில் ஓடுகிற இன்ஸ்பெக்டரம்மா தொடரை வைத்து ரசிகர்களே சொந்தமாகக் கதை கட்டிப் போடுகிற இணையதளம் ஒன்று இருக்கிறது. அதில் அவள் எழுதுவதெல்லாம் இன்ஸ்பெக்டரம்மாவின் ஜீப் டிரைவர் சவரிமுத்துவைப் பற்றித்தான்.

ஒரு மாதமாக அவர் இறங்க மறுக்கிறார்.

கதையில் மழை பெய்ய வைத்துப் பார்த்தாள். ஹார்ன் அடிக்க வைத்தாள். பொறுக்க மாட்டாமல் ஜீப்புக்குத் தீயே வைத்தாள். இன்ஸ்பெக்டரம்மா பின்பக்கமாகக் குதித்துத் தப்பினார். முன்சீட்டில் அசைவே இல்லை.

அவர் எங்கே போயிருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும்.

தட்டான்பூச்சியிடம்.

அந்தத் தளத்தில் ஒருத்தி தனக்கு வைத்துக்கொண்ட பெயர் அது. நேற்று முளைத்தவள். அவள் கதையில் சவரிமுத்து கூலிங்கிளாஸ் போடுகிறார். ஒற்றைக் கையால் ஜீப்பை ஓட்டிக்கொண்டே மறு கையால் ரவுடிகளை அடிக்கிறார். அத்தியாயம் தவறாமல் பிரியாணி சாப்பிடுகிறார். ஆளே மினுமினுவென்று ஆகிவிட்டார்.

இங்கே அவருக்கு என்ன கிடைத்தது?

டீ.

சில நாள் வடை.

தட்டான்பூச்சியின் கதைக்குக் கீழே கருத்துகள் கூட்ஸ் வண்டி மாதிரி போய்க்கொண்டே இருந்தன. ‘டிவியில கூட நம்ம சவரியண்ணன இப்படிக் காட்டுனதில்ல!’ என்று ஒருவர் கண்ணீர் விட்டிருந்தார். இவள் கதைக்குக் கீழே இரண்டே பேர். ஒருவர் ‘சூப்பர்’ என்றிருந்தார். இன்னொருவர் முடி கொட்டுகிறதா என்று விசாரித்திருந்தார்.

வயிறு எரிந்தது. பல் கிளினிக்கில் அதற்கு மருந்து கிடையாது.

நமக்கு எதற்கு இந்த வேலை. கூப்பிட்டால் ஒரு டிரைவர் கூட இறங்கி வராத எழுத்து. இன்றைக்கும் அவர் வராவிட்டால் எழுதியதை எல்லாம் அழித்துவிட்டு அந்தத் தளத்தை விட்டே போய்விடுவது.

முடிவெடுத்தாள். போவதற்கு முன்னால் தட்டான்பூச்சியின் புது அத்தியாயத்தை மட்டும் படித்துவிடலாம் என்று திறந்தாள்.

“ஏம்மா, பல்லு வலிக்கிறது எனக்கு. மூஞ்சியச் சுளிக்கிறது நீயி.” எதிரே கன்னம் வீங்கிய பெரியவர். “பேர எழுதும்மா.”

எழுதினாள். மறுபடி கைபேசி.

சிறுமலைக் கொண்டை ஊசி வளைவில் சவரிமுத்து ஜீப்பை நிறுத்துகிறார். ஹேண்ட் பிரேக்கைப் போடுகிறார். இறங்கி நின்று பாட்டுப் பாடுகிறார்.

வெறும் ஹேண்ட் பிரேக்கை நம்பி.

அவளால் தாங்க முடியவில்லை. கருத்துப் பெட்டியில் எழுதினாள்: சவரியண்ணன் ஹேண்ட் பிரேக்கை நம்ப மாட்டார்.

ஒரு வரியோடு விட்டிருக்கலாம். கை நிற்கவில்லை.

அதே வளைவில் ஒருமுறை அவர் ஓரமாக ஒதுங்கியிருந்த நேரம், ஜீப் தானாக உருள ஆரம்பித்தது. உள்ளே விலங்கு மாட்டிய திருடன் ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். அவர் பின்னால் ஓடினார். திருடன் விழித்தான். முன்னால் தாவிப் பிரேக்கை மிதித்தான். அவர் வந்து சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுக்கும்வரை காலை எடுக்கவில்லை. ஓட நினைத்திருந்தால் ஓடியிருக்கலாம். அன்றிலிருந்து அந்தக் கல் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. தீபாவளி வந்தால் ஜெயிலுக்கு ஒரு பொட்டலம் மைசூர்பாகு போகிறது.

அனுப்பிவிட்டாள். சண்டைக்குத் தயாராக உட்கார்ந்தாள்.

தட்டான்பூச்சியின் பதில் உடனே வந்தது.

‘அய்யோ அக்கா, கல்லு எனக்குத் தெரியாமப் போச்சே! இப்பவே மாத்திடுறேன். அவர மொதல்ல பாத்தது நீங்கதான?’

நக்கல்.

அவள் பல்லைக் கடித்தாள். அதே நேரம் உள்ளறையில் டாக்டர் பெரியவரின் பல்லைப் பிடுங்கினார். அலறல் இரண்டு பேருக்கும் சேர்த்து வந்தது.

அந்தச் சூட்டோடு தன் கதையைத் திறந்தாள்.

ஜீப் வந்து நின்றது.

கதவு திறந்தது.

முதலில் ஒரு கல் இறங்கியது.

பிறகு அவர்.

கல்லைப் பின்சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்தார். காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். நிமிர்ந்தார். மூக்கின் இரண்டு பக்கமும் கூலிங்கிளாஸ் அழுத்திய தடம். கொஞ்சம் தொப்பை போட்டிருந்தது.

எங்கே போயிருந்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை.

“என்ன தாயி,” என்றார். “இன்னும் அதே டீதானா?”

அவள் பிரியாணி எழுதினாள். லெக் பீஸ் வைத்து. தயிர் வெங்காயம் தனியாக.

வாயில் பஞ்சோடு வெளியே வந்த பெரியவர் நின்றார். மூக்கை இழுத்தார். அவளை முறைத்தார். கிளினிக் முழுக்க சீரகச் சம்பா வாசனை.

அவள் நிமிரவில்லை. சவரிமுத்து சாப்பிட்டு முடிப்பதற்குள் அடுத்த அத்தியாயத்துக்கு வண்டியை எடுத்தாக வேண்டும்.

டிவியில் ஓடுகிற அந்தத் தொடரில் டிரைவர் என்று யாரும் கிடையாது. முதல் நாளிலிருந்தே ஜீப்பை ஓட்டுவது இன்ஸ்பெக்டரம்மாதான்.