ஐந்திலிருந்து ஆறு வரை

வண்டிகள் எல்லாம் தாமாகவே ஓடும் திருச்சியில், அதிகாலை ஐந்திலிருந்து ஆறு வரை மட்டும் பைக்கை நம் கையால் ஓட்டலாம். வேலைக்குப் போகும் முன் ஒரு சுற்று போய்வர நானும் என் மனைவி கோமளாவும் கிளம்பினோம். அவள் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து நான் வழி சொன்னேன்.

"லெஃப்ட்ல போ."

"ரைட்டுதாங்க."

"சொன்னா கேளேன்."

கேட்டாள். ஒரு வாழைத்தோப்பில் போய் முட்டி நின்றோம். மணி ஆறானதும் பைக்கின் இன்ஜின் பூட்டிக்கொண்டது. வீடுவரை தள்ளினோம். வழி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். நாங்கள் அவ்வளவு பேசி வருஷக்கணக்காகிறது.

தாமதத்துக்குக் காரணம் கேட்ட அலுவலகத் திரையில் 'வழி தவறிவிட்டது' என்ற பதிலே இல்லை. மேலாளர் சபாபதியிடம் நேரில் போய், வாங்கிய திட்டு உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"அந்த லெஃப்ட் எங்கய்யா இருக்கு? நாளைக்கு என் வொய்ஃபக் கூட்டிட்டுப் போகணும்."