இருபத்திரண்டு சீட்டுகள்

சுசித்ரா பாடத்தை முடித்ததும் கூடமே கைதட்டியது. மணிமேகலை மட்டும் ஸ்வெட்டர் பொத்தானைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

செண்பகனூரில் ஆங்கில ஆசிரியர்களுக்கு நடந்த ஐந்து நாள் பணியிடைப் பயிற்சியின் கடைசி நாள் அது. இருபத்திரண்டு பேரும் ஆளுக்குக் கால் மணி நேரம் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். ஒருவர் எடுக்கும்போது மற்றவர்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளாக உட்கார வேண்டும்.

சுசித்ரா ஒரு சாக்குப் பையில் எதையோ ஒளித்துவைத்து, ஆங்கிலத்தில் கேள்வி கேட்டே கண்டுபிடிக்கச் சொன்னாள். ஐம்பது வயது ஆசிரியர்கள்கூட முண்டியடித்துக் கைதூக்கினார்கள்.

சுசித்ரா வேலைக்கு வந்து இரண்டே வருடம். மணிமேகலைக்கு வயிறு எரிந்தது.

அவளுக்குப் பெரும்பாறைப் பள்ளியில் பத்தொன்பது வருடம். காலையில் அவள் எடுத்த வகுப்பில், ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் பொருள் சொன்னாள். பாதியிலேயே நேரம் முடிந்துவிட்டது.

பயிற்சி நடத்திய தேவசேனா எழுந்தார்.

"பெங்களூருல ஒரு மாசப் பயிற்சி இருக்கு. உங்கள்ல ஒருத்தர்தான் போகலாம். திரும்பி வந்ததும் எனக்குப் பதிலா அவங்கதான் உங்களுக்குப் பயிற்சி குடுப்பாங்க. யாருன்னு நீங்களே சீட்டுல எழுதிக் குடுங்க. பேரு, ஸ்கூலு ரெண்டும் வேணும். சொந்தப் பேரை எழுதக் கூடாது."

அடுத்த வருடம் சுசித்ரா முன்னால் நிற்பதையும், தான் பெஞ்சில் உட்கார்ந்து அவளிடம் கைதூக்குவதையும் மணிமேகலை நினைத்துப் பார்த்தாள்.

"எழுதவே வேணாம். அந்தப் புள்ளைக்குத்தான் அம்புட்டும் விழும்" என்றாள் பக்கத்தில் இருந்த வீரம்மா டீச்சர்.

"பாப்போம்" என்றாள் மணிமேகலை.

முன் பெஞ்சில் பிச்சையா சார் மஃப்ளருக்குள் பாதி முகத்தோடு இருந்தார். பாடத்தின் நடுவில் மூக்குக்கண்ணாடியைத் தேடியே பத்து நிமிடம் போக்கியவர். அவருக்கு யார் போடப் போகிறார்கள்? சீட்டு வீணாய்ப் போனாலும் போகட்டும், சுசித்ராவுக்குப் போகக் கூடாது. அவர் பெயரை எழுதி உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

பிச்சையா திரும்பினார். "டீச்சர், ஒங்க ஸ்கூலு பெரும்பாறையா, தாண்டிக்குடியா?"

"பெரும்பாறை" என்றாள் எரிச்சலோடு. ஐந்து நாள் ஒன்றாகச் சாப்பிட்டும் மனிதருக்கு இதுகூடத் தெரியவில்லை.

தேவசேனா சீட்டுகளைப் பிரித்து வாசித்தார்.

"மணிமேகலை, பெரும்பாறை."

அடுத்ததும் மணிமேகலை. அதற்கடுத்ததும். நடுவில் ஒரு பிச்சையா வந்தது. பிறகு மறுபடியும் மணிமேகலை, மணிமேகலை. தேவசேனாவே ஒருமுறை நிறுத்தி, எல்லோரையும் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

பதினேழு சீட்டு. சுசித்ராவுக்கு ஒன்றுகூட இல்லை.

மணிமேகலை எழுந்து கும்பிட்டாள். பளபளப்பெல்லாம் கைதட்டோடு சரி, அனுபவத்துக்குத்தான் மதிப்பு என்று தோன்றியது. இத்தனை நல்ல மனிதர்களுக்கு நடுவே தான் மட்டும் இப்படிப் பொறாமைப்பட்டோமே என்று கூச்சமாகவும் இருந்தது.

வராந்தாவுக்கு வந்து கணவனுக்குப் போன் செய்தாள். "என்னங்க, நான் பெங்களூரு போறேன்! எல்லாரும் சேந்து என்னையத்தான் தேர்ந்தெடுத்திருக்காங்க."

டீக் கிளாஸ்களோடு நின்ற கூட்டம் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தது. பிச்சையா சார் கண்ணைத் துடைத்தபடி அவளிடம் வந்தார்.

"நானும் ஒங்களுக்குத்தான் போட்டேன் டீச்சர்."

"ரொம்ப நன்றி சார். என் பாடம் அவ்வளவு பிடிச்சிருந்துச்சா?"

"பாடமா? அட நீங்க வேற. அந்த சுசித்ரா புள்ள போயிரக் கூடாதுல்ல, அதுக்குத்தான்." அவருக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது.

"யாருமே போட மாட்டாங்கன்னு நெனச்சு, ஆளாளுக்கு ஒங்க பேரையே எழுதிட்டோம் டீச்சர்!"