காதை ஆட்டாமல் கேட்ட கதை

ஆற்றில் யானையைத் தேய்த்துக் குளிப்பாட்டும்போது பாகன் காளன் பாறைமேல் கைப்பேசியை வைத்து ஒலிப்புத்தகம் போட்டுவிடுவான். யானை கோமளாவும் கரையிலிருக்கும் மைனாவும் கூடவே கேட்கும்.

மைனாவுக்குச் சரித்திரக் கதை என்றாலே ஆகாது. “எப்பப் பார்த்தாலும் போர். அத்தியாயத்துக்கு நூறு யானை சாகுது. அதை எப்படிக்கா கேக்குறே?” என்று சலித்துக்கொள்ளும்.

அன்று ஒரு அறிவியல் புனைகதை முடிந்தது. ஐந்நூறு வருஷம் கழித்து நடக்கிற கதை. மைனா துள்ளியது.

“பறக்குற ஊரு, பேசுற இயந்திரம்! ஒரு சண்டைகூட இல்ல. இதுதான்க்கா கதை!”

“நல்லாத்தான் இருந்துச்சு,” என்றது கோமளா. “நாப்பது அத்தியாயமும் காதை ஆட்டாமக் கேட்டேன். சாகறதுக்குக்கூட அதுல ஒரு யானை வரலையே.”