நேரான கைப்பிடி

டொக். டொக். டொக். டொப்.

துணி அலசிக்கொண்டிருந்தவளின் கை நின்றது. நாலாவது சத்தம் வேறு மாதிரி இருந்தது.

ஷெட்டுக்குள், ஜீப்பின் டாஷ்போர்டை விரல் மடக்கித் தட்டிக்கொண்டிருந்தார் சோதனைக்காரர். பழைய வண்டிகள் அசல்தானா என்று பார்த்து, அவற்றைச் சேர்ப்பவர்களின் சங்கத்துக்கு எழுதிக் கொடுப்பவர். காலையிலிருந்து இது மூன்றாவது வண்டி.

"ஒரு ஆணிகூட மாத்தல சார்," வண்டிக்காரர் பின்னாலேயே நகர்ந்தார். "எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர், நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்கிற அந்தக் குட்டி கியர், இந்தப் பச்சை, எல்லாம் கம்பெனி குடுத்தது. மொத்தமே நூத்தியிருபது வண்டிதான் விட்டாங்க. இது எண்பத்தேழாவது. உங்க பதிவேட்டுல ஏறிட்டா போதும். பதினெட்டு வருஷமா இதுக்காகத்தான் காத்துட்டிருக்கேன்."

சோதனைக்காரர் இடது சீட்டுக்கு முன்னால் இருந்த கைப்பிடியைத் தொட்டார். "இது நேரா இருக்கே."

"நேராத்தானே சார் இருக்கணும்?"

"இருக்கக் கூடாது. ஓட்டை போட்டவன் ஒரு பக்கத்தை ஒரு விரக்கடை இறக்கிப் போட்டுட்டான். யாரும் கவனிக்கல. நூத்தியிருபது வண்டியும் அப்படியே வெளிய வந்துடுச்சு. கோணலா இருந்தாத்தான் அசல்."

வண்டிக்காரர் திரும்பி, ஓரமாக நின்ற மெக்கானிக்கைப் பார்த்தார்.

"நான்தாண்ணே நேராக்கினேன்," என்றான் அவன். "கண்ணை உறுத்துச்சு. பதினோரு வருஷம் இருக்கும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"அப்ப நீங்க இருந்த இருப்புக்கு, கூரையையே கழட்டிட்டுப் போயிருந்தாலும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுண்ணே."

வண்டிக்காரர் குடித்துக் கிடந்த காலம் அது.

"பழைய ஓட்டையை அடைச்சுத்தான் வெச்சிருப்பாங்க. தட்டினா சத்தத்துலயே தெரியுது," என்றார் சோதனைக்காரர். "டாஷ்போர்டைக் கழட்டிப் பாப்போம். ஓட்டை அப்படியே இருந்தா, பழையபடி கோணலா மாட்டிடுங்க. நான் அசல்னு எழுதிடறேன்."

வண்டிக்காரர் முகம் தெளிந்தது. ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

"கழட்ட வேண்டாம்."

ஈரக் கையோடு ஷெட் வாசலில் நின்றிருந்தாள் வண்டிக்காரரின் மனைவி.

"உனக்கு என்னடி?"

"போதுங்க. இத்தனை வருஷம் அது பாட்டுக்கு ஓடிச்சு. ஒரு காகிதத்துக்காக அதோட குடலைப் பிடுங்கணுமா?"

"பாத்தீங்களா சார்? இந்த வண்டியை சக்களத்தியைப் பாக்கற மாதிரிதான் பாப்பா. பதினோரு வருஷமா ஏறி உக்காந்ததே இல்லை. இன்னிக்கு ஒரு நல்லது நடக்கப்போகுதுன்னா, குறுக்கே வந்து நிக்கறா."

கணவனுக்குப் பிடித்ததெல்லாம் கண்ணில் குத்துகிற மனைவியைச் சோதனைக்காரர் பல ஷெட்டுகளில் பார்த்திருக்கிறார். பெருமூச்சு விட்டு, டார்ச்சையும் சின்னக் கண்ணாடியையும் எடுத்தார்.

"சண்டை வேண்டாம். கழட்டாமலே பாத்துடறேன்."

முனகியபடி டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தார். வெளிச்சம் அங்கும் இங்கும் அசைந்தது. ஓரிடத்தில் நின்றது. வெகுநேரம் நின்றது.

வெளியே வந்து கண்ணாடியைத் துடைத்தபோதுதான் அவளுடைய வலது மணிக்கட்டைக் கவனித்தார். எலும்பு கோணலாகக் கூடியிருந்தது.

அவர் பார்வையை வண்டிக்காரரும் பார்த்தார். குரல் இறங்கியது. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா சார். பக்கத்து ரூம்ல போதையில கிடந்தேன், எனக்குத் தெரியவே இல்லை. இவன்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு ஓடினான். தெளிஞ்சு எழுந்து இவ கையில அந்தக் கட்டைப் பாத்தேன். அன்னிக்குக் குடியை விட்டவன்தான், இன்னும் தொடலை." ஜீப் பக்கம் திரும்பினார். "சரி, பழைய ஓட்டை தெரியுதா சார்?"

சோதனைக்காரர் பேனாவை மூடினார்.

"இல்லை. டாஷ்போர்டே மாத்தினது மாதிரி இருக்கு. கழட்டிப் பிரயோஜனம் இல்லை. பதிவேட்டுல ஏத்த முடியாது."

வண்டிக்காரர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டார். பிறகு மெக்கானிக்கிடம் சொன்னார்: "பதினெட்டு வருஷத்தைக் கெடுத்தியேடா."

"தப்புதாண்ணே," என்றான் அவன். சோதனைக்காரரின் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

கேட்டுக்கு வந்ததும் மெதுவாகக் கேட்டான். "ஓட்டை அப்படியே இருக்குமே சார்?"

"இருக்கு. பக்கத்துலயே கைப்பிடி பிய்ஞ்சு வந்த கிழிசலும் இருக்கு. உள்ளேருந்து தட்டி நிமித்தி, பத்த வெச்சிருக்கே. எதுல மோதுச்சு?"

"மோதல சார். பள்ளத்துல இறங்கிடுச்சு. வண்டியில வேற கீறல்கூட இல்லை." கேட்டின் கொக்கியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அண்ணன்தான் ஓட்டினாரு, ஞாபகமே இல்லாத போதையில. அந்தக் கைப்பிடியைப் பிடிச்சுட்டு அண்ணி உக்காந்திருந்தாங்க. அவரு தெளியறதுக்குள்ள வண்டியைப் பழையபடி ஆக்கிடுன்னு, கையில கட்டோட வந்து நின்னாங்க. பாத்ரூம் கதையும் அவங்க சொன்னதுதான். அவசரத்துல நேரா மாட்டிட்டேன்."

சோதனைக்காரர் பையை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

துணி துவைக்கும் கல்லருகே அவள் நனைந்த போர்வையை எடுத்தாள். உள்ளேயிருந்து வண்டிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

"ஒருத்தி கழட்ட விட்டிருந்தா, என்னன்னாவது தெரிஞ்சிருக்கும்."

பழக்கத்தில் அவர் கை நீண்டு போர்வையின் மறுமுனையை வாங்கிக்கொண்டது. அவள் இடது கையால் பிடித்துக்கொண்டாள். அவர் முறுக்கினார்.